ஜெபாவின் கைராசி

செய்யூர் பஜாரில் தமிழ்ச்செல்வி நடத்தும் கணினி மையத்தில் இரண்டு மேசைகள். வாசலுக்கு நேர் எதிரே இருப்பது தமிழ்ச்செல்வியுடையது; அதில் ஒரு லேப்டாப். சுவரோரம் இருப்பது ஜெபாவுடையது. அதில் பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப், ஸ்கேனர், கைரேகைக் கருவி. வருமானச் சான்று, பட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று எதற்காக வருகிறவர்களும் முதல் மேசையைத் தாண்டித்தான் இரண்டாவது மேசைக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார்கள். தமிழ்ச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்; பெஞ்சில் ஐந்து பேர் ஜெபாவுக்காகக் காத்திருப்பார்கள்.

"இங்க வாங்களேன், நான் போட்டுத் தர்றேன்" என்று கூப்பிட்டால், "இருக்கட்டும்மா, ஒண்ணும் அவசரமில்ல. அந்தப் பொண்ணே போடட்டும். அதுக்குக் கைராசி. அது போட்டா திரும்பி வராது" என்பார்கள்.

கைராசி என்று ஒன்றும் கிடையாது என்பது தமிழ்ச்செல்விக்குத் தெரியும். ஜெபா ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பாள். ரேஷன் கார்டில் உள்ள முன்னெழுத்தும் ஆதாரில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டாள். அதனால்தான் அவள் போட்டது எதுவும் திரும்புவதில்லை. தமிழ்ச்செல்வி போட்டதில் பத்துக்கு இரண்டு திரும்பும். காரணம் தெரிந்துவிட்டால் பொறாமை குறையும் என்று யார் சொன்னது? அந்தக் காரணம் நியாயமானதாகவும் இருந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் எரியும்.

இருவரும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை ஒரே வகுப்பு. ஜெபா முதல், தமிழ்ச்செல்வி இரண்டாவது. ஏழு வருடமும் அப்படித்தான். தமிழ்ச்செல்வியின் அப்பா துரைக்குச் சொந்தமாகக் கடலைக் கொல்லை இருந்தது. ஜெபாவின் அம்மா காசியம்மாள் அந்தக் கொல்லையில் களை எடுத்தாள். அதனால் தமிழ்ச்செல்வி செங்கல்பட்டுக்குக் கல்லூரிக்குப் போனாள், ஜெபா மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஏறினாள். கார்களுக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஃபேக்டரி. பதினாலு வருடம் ஒப்பந்தம் மாற்றி ஒப்பந்தமாக ஓட்டி, போன வருடம் அந்தப் பிரிவையே மூடியதும் ஊருக்குத் திரும்பினாள். எட்டு மாதமாகத் தமிழ்ச்செல்வியிடம் சம்பளத்துக்கு இருக்கிறாள்.

வந்த அன்றைக்கே, "மேடம் கீடம்னுலாம் கூப்புடாத. செல்வின்னே கூப்புடு" என்று சொன்னவள் தமிழ்ச்செல்விதான். சொல்லும்போது தன் மனசின் விசாலம் தனக்கே பிடித்திருந்தது. ஜெபா சரி என்றாள். பத்துப் பேர் நடுவிலும் அப்படியே கூப்பிட்டாள். அதுதான் பிற்பாடு உறுத்தியது.

மே மாதம், பிளஸ் டூ முடிவுகள் வந்து கூட்டம் நெரிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, டெஸ்க்டாப் படுத்துவிட்டது. மின்விசிறி சுற்றியது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. ஜெபா பக்கப் பலகையைக் கழற்றினாள். ராம் என்ற நினைவகப் பட்டையை உருவி, அதன் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தோ பாரு செல்வி" என்று உள்ளே விரலை நீட்டினாள் ஜெபா. மதர்போர்டின் மேல் உருளை உருளையாக நின்றவற்றில் நான்கின் தலை உப்பியிருந்தது. "கப்பாசிட்டர் போயிடுச்சி. இனிமே இந்தப் போர்டு ஆவாது."

பத்திரம் எழுதும் ரைட்டர் நரசிம்மன் அங்கே இருந்தார். சார்பதிவாளர் ஆபீஸ் வேலையில் பாதி அவர் வழியாகத்தான் இந்தக் கடைக்கு வரும். தமிழ்ச்செல்விக்குத் தூரத்து உறவு, மாமா முறை. "புதுசாவே ஒண்ணு வாங்கிப் போட்டுடேன் பாப்பா" என்றார்.

"முப்பதாயிரம் வேணுமே மாமா. அட்மிஷன் நேரம், ஸ்கேனரும் ரேகை மெஷினும் இதுலதான் ஓடுது."

"புதுசு எதுக்கு?" என்றாள் ஜெபா. "ப்ராசஸர் நல்லாத்தான் கீது. ராமு, ஹார்டு டிஸ்க் எல்லாம் நல்லா கீது. போர்டு ஒண்ணு மாத்தினா போதும். இந்தப் பழைய ப்ராசஸருக்கு ஏத்த போர்டு இப்பவும் புதுசா வருது, ரெண்டாயிரத்து ஐநூறுக்குள்ள." ஒரு விண்ணப்பத்தின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினாள்: H61. சாக்கெட் 1155. DDR3. "இந்த மூணையும் பாத்து வாங்கினா போதும். நாளைக்கி நான் செங்கல்பட்டு போயி வாங்கியாறேன்."

"டாக்டரு மாதிரி எய்திக் குடுத்துடுச்சி பாரு" என்றார் நரசிம்மன். எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வியும் சிரித்தாள்.

"வேணாம். நானே போறேன்" என்றாள் பிறகு.

வீட்டில் அவள் கணவன் ரமேஷ் கேட்டான்: "ஜெபாவ இட்டுகினு போயேன். அதுல உனக்கு இன்னா தெரியும்?"

"கடை என்னுதா, ஜெபாவுதா?"

"நான் இன்னா கேட்டேன், நீ இன்னா சொல்ற" என்று அவன் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டான். அவனும் அந்தப் பேரைச் சொல்லிவிட்டான் என்பது மட்டும் அவளிடம் தங்கியது.

வியாழக்கிழமை காலை மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு போய் இறங்கினாள். ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில் ஒரு கடை. கடைக்காரர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு இன்னொருவருக்குக் கேபிள் அளந்துகொண்டிருந்தார்.

"பழைய டெஸ்க்டாப்புக்கு மதர்போர்டு வேணும். ஐ3."

"எத்தினாவது தலைமுறை?"

சீட்டு கைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் ஒரு நிமிட வேலை. ஜெபாவின் கையெழுத்தை நீட்டி, அதில் எழுதியதை வாங்கி, அவளிடமே கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் அல்லாட வேண்டுமா? தபால்காரனை அனுப்பினால் போதாதா?

"இருக்கறத எடுத்துக் காட்டுங்க, பாக்கறேன்" என்றாள்.

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் H61 என்று இருந்தது, இரண்டாயிரத்து நானூறு. இன்னொன்றில் H81, இரண்டாயிரத்து எழுநூறு.

"இது எம்பத்தொண்ணுன்னு கீதே, இன்னா வித்தியாசம்?"

"அதுக்கு அடுத்த தலைமுறைம்மா. நல்லா போவும். ஆனா உங்க ப்ராசஸர் எதுன்னு பாத்துக்கினு வாங்குங்க. பிரிச்சிட்டா திரும்ப எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கேபிளுக்குத் திரும்பினார்.

அவர் முதுகைக் காட்டியதும் பைக்குள்ளேயே சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். சாக்கெட் 1155. புதிய பெட்டியில் 1150. ஆயிரத்துச் சொச்சத்தில் ஐந்து குறைகிறது. ஆனால் பெயரில் அறுபத்தொன்று போய் எண்பத்தொன்று, இருபது கூடுகிறது. விண்ணப்பத்தில் ஓர் இலக்கம் பிசகினாலே திருப்பி அனுப்பப்படும் தொழிலில் எட்டு வருடமாக இருப்பவள் அவள். அந்த ஐந்து அவளை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஜெபா எழுதியதைவிட ஒரு படி மேலானது கடையில் இருக்கிறது, அது ஜெபாவுக்கே தெரியவில்லை என்பது எவ்வளவு இனிப்பான விஷயம். H81-ஐ வாங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜெபாவின் முகத்தைக் கற்பனை செய்தாள். 'இன்னா செல்வி, நான் சொன்னதவிட நல்லதா வாங்கியாந்துட்டியே.' அதை ஒரு தடவை ஆச்சரியமாகச் சொல்ல வைத்தாள், இன்னொரு தடவை கொஞ்சம் முகம் வாடச் சொல்ல வைத்தாள். இரண்டாவதுதான் பிடித்திருந்தது. பவுஞ்சூர் தாண்டும்வரை அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெபா உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்குத்தான் வருவாள். தமிழ்ச்செல்வி அன்று எட்டு மணிக்கே கடையைத் திறந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டாள். போனில் ஒரு வீடியோ. அதில் ஒருவன் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அவள் விசிறியைக் கழற்றினாள், பழைய போர்டில் இருந்து சதுரமான சின்ன ப்ராசஸரைத் தூக்கினாள், புதிய போர்டின் குழிக்குள் இறக்கினாள். குழியின் தரையெல்லாம் மயிரிழை போலத் தங்க ஊசிகள், ஆயிரத்துக்கு மேல். ப்ராசஸர் ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தாள். அப்போதும் அப்படியே. குழியின் மூடியை அழுத்தும்போது சின்னதாய் ஒரு நறநறப்பு கேட்கும், பயப்படாதீர்கள் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். கட்டைவிரலால் பலமாக அழுத்தி நெம்புகோலைப் போட்டாள். நறநறவென்றுதான் கேட்டது.

மின்சாரம் கொடுத்தும் திரை வரவில்லை. மூடியைத் திறந்து ப்ராசஸரை எடுத்துப் பார்த்தாள். குழியின் ஒரு மூலையில் ஊசிகள், காற்றில் சாய்ந்த நெல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

ப்ராசஸரைப் பழைய போர்டிலேயே வைத்து விசிறியை மாட்டினாள். புதிய போர்டை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்து, நாடாவை இருந்த இடத்திலேயே ஒட்டினாள். கையைக் கழுவினாள். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டாள். ஜெபாவைச் சிக்கவைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்துவிடாதபடி வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஜெபா வரும்போது பெஞ்ச் நிறைந்திருந்தது. நரசிம்மனும் ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கியாந்துட்டியா?"

"பொட்டில கீது பாரு. நீயே போடு" என்றாள் தமிழ்ச்செல்வி.

ஜெபா பெட்டியைக் கையில் எடுத்தாள். "எம்பத்தொண்ணா? நான் அறுவத்தொண்ணு இல்ல எழுதிக் குடுத்தேன்?"

"கடைக்காரரு இதான் நல்லதுன்னாரு."

"நல்லதுதான். நம்ம ப்ராசஸர் இதுல உக்காராதே" என்றபடியே போர்டை வெளியே எடுத்துக் குழியின் மூடியைத் திறந்தாள். திறந்தவள் குழியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

நரசிம்மன் எட்டிப் பார்த்தார். "இன்னாது, எல்லாம் படுத்துகினு கீது? கைய வெச்சவொடனே வளைச்சிட்டியா? புது சாமானாச்சேம்மா, நிதானமா தொறக்கக் கூடாதா?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஜெபா தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள். தமிழ்ச்செல்வியின் கட்டைவிரல் நகத்தடியில் ப்ராசஸரின் மேல் தடவியிருக்கும் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது, கழுவியும் போகாதது. ஜெபாவின் கண் அதில் போய் நின்றதா இல்லையா, தெரியவில்லை. தமிழ்ச்செல்வி விரலை மடக்கிக்கொண்டு லேப்டாப் திரையை உற்றுப் பார்த்தாள்.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் ஜெபா நரசிம்மனிடம்.

அவள் ஜெராக்ஸ் தாள் வாங்க வெளியே போனதும் நரசிம்மன் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "இன்னா படிச்சாலும் மம்மட்டி புடிச்ச வம்சத்துக் கை. இந்த மாதிரி மெல்லிசு சாமானெல்லாம் அதுக்குத் தாங்குமா?"

"வுடுங்க மாமா" என்றாள் தமிழ்ச்செல்வி.

அந்த 'வுடுங்க மாமா'வில் கண்டிப்பு இருந்ததா, ஒப்புதல் இருந்ததா என்று அன்று முழுக்க யோசித்தாள். அவர் அதை ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொண்டார். பகல் சாப்பாட்டுக்குள் பஜாரில் பேச்சுப் பரவிவிட்டது. மூவாயிரம் ரூபாய் சாமானை ஜெபா தொட்டதும் போய்விட்டது, அவள் கைராசி போய்விட்டது. மத்தியானம் வந்தவர்கள் முதல் மேசையைத் தாண்டவில்லை. "நீங்களே போட்டுடுங்க மேடம்" என்று தமிழ்ச்செல்வி எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஜெபா கைபேசியில் மின்கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தாள்.

தமிழ்ச்செல்வி தனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது சந்தோஷந்தான். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு தடவை படித்தாள். வெட்கம் சாயங்காலத்துக்கு மேல்தான் வந்தது, அதுவும் தனியாக வரவில்லை. 'நான் பாத்துக்கறேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போனாளே, அவளால் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது? தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததில்கூட அவள்தான் முதல், தான் இரண்டாவது. அந்தப் பெருந்தன்மையின் மேலும் பொறாமை பொங்கியது. இதற்கு ஒரு அடியாழம் கிடையாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கடை மூடும்போது ஜெபா சொன்னாள்: "என்கூட கம்பெனில இருந்த ஜாய்ஸு மாமல்லபுரத்துல ரிப்பேர் கடை வெச்சிருக்கா. ஊசிய நிமுத்த அவகிட்ட லென்ஸ் வெளக்கு கீது. இந்தப் போர்டுக்கு ஏத்த பழைய ப்ராசஸரும் கெடைக்கும், ஆயிரத்துக்குள்ள. நாளைக்கி சர்ச்சு வுட்டதும் போயாறேன்."

"நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்." தான் இல்லாத இடத்தில் அவர்கள் இருவரும் தன்னைப் பற்றிப் பேசுவதை அவளால் தாங்கியிருக்க முடியாது.

கூவத்தூர் போய்க் கடற்கரைச் சாலை பஸ் பிடித்தார்கள். கல்பாக்கம் தாண்டும்வரை ஜெபா ஜன்னல் பக்கம் சவுக்குத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜாய்ஸின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருவில் இருந்தது. கல்பொடி வராமல் கண்ணாடிக் கதவு போட்டிருந்தாள். கதவைத் திறந்ததுமே குரல் கொடுத்தாள்.

"வாடி எருமை. போன் பண்ணா எடுக்கத் தெரியாதா? பெரிய ஆபீசரு ஆயிட்டியா?"

"நீ ஆபீசரு, உனக்கு போன் பண்ண நேரம் கீது. நான் கூலிக்காரி" என்றாள் ஜெபா. எட்டு மாதத்தில் தமிழ்ச்செல்வி கேட்டிராத குரல் அது.

ஜாய்ஸ் விளக்கைப் போட்டு, வட்ட லென்ஸை இழுத்து, போர்டைக் கீழே வைத்தாள். "எந்தப் புண்ணியவான்டி இப்படி ஏறி உக்காந்தது?"

"நான்தான். அவசரத்துல அமுக்கிட்டேன்" என்றாள் ஜெபா.

"நீயா?" ஜாய்ஸ் சிரித்தாள். "பழுதான போர்ட சரி பண்ற ரீவொர்க் டேபிள்ல ஒம்போது வருஷம் உக்காந்தவ, சாக்கெட் பாக்காம அமுக்கினியா? வேற யார்னா கேட்டா சொல்லு."

"நான்தான் அமுக்கினேன்" என்றாள் தமிழ்ச்செல்வி.

ஏன் சொன்னாள்? நல்லவளாகிவிட்டதால் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஜெபா இன்னொரு தடவை தன்னைக் காப்பாற்றுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதுவும் அந்தச் சிரிக்கிற பெண்ணின் எதிரில். ஜாய்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போனாள்.

ஜெபா தையல் ஊசியால் ஒவ்வொரு தங்க ஊசியாக நிமிர்த்தினாள். மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று, மூச்சு விட்டு அடுத்தது. ஒன்றரை மணி நேரம். ஜாய்ஸ் பக்கத்தில் நின்று விளக்கை நகர்த்தினாள்; எப்போது நகர்த்த வேண்டும் என்று ஜெபா சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் ஜெபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தான்தான் என்று தமிழ்ச்செல்விக்கு நினைவு வந்தது. அப்போது முதல் மார்க் வாங்கியவளைத்தான் பார்த்தாள். இந்தப் பெண் பார்ப்பதைப் போல ஒரு நாளும் பார்த்ததில்லை.

பழைய ப்ராசஸர் ஒன்றைக் குழியில் இறக்கி மின்சாரம் கொடுத்ததும் திரை வெளிச்சமானது. ஜாய்ஸ் எண்ணூறு ரூபாய்தான் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது, "நான் கேட்டது இன்னாடி ஆச்சு? இங்க ஒரு டேபிள் காலியாத்தான் கீது. பாதிப் பங்கு" என்றாள். ஜெபா அவள் தோளைத் தட்டினாள்.

பஸ்ஸில் தமிழ்ச்செல்விதான் ஆரம்பித்தாள். "அன்னிக்கி நீ என்னை வுட்டுக்குடுக்காம இருந்த. நான்தான்…"

"நிறுத்து" என்றாள் ஜெபா. "உனக்காக நான் வாய மூடிகினு இருந்தேன்னு நெனைக்கிறியா?"

தமிழ்ச்செல்வி அவள் பக்கம் திரும்பினாள்.

"கடை உன்னுது. ஊரு உன்னுது. ரைட்டரு உனக்கு மாமா. எங்கம்மா உங்க கொல்லில களை எடுத்தவ. 'நான் பண்ணல, செல்விதான் பண்ணா'ன்னு நான் அங்க சொல்லியிருந்தா, யாரு நம்பியிருப்பாங்க? பண்ணதும் இல்லாம பழியயும் தூக்கிப் போடறா பாருன்னு இன்னும் நாலு வார்த்தை சேந்திருக்கும். வேற வழி இல்லாம மூடிகினு இருந்தேன். அதப் போயி…"

"தெரியல ஜெபா, நான் வேற மாதிரி நெனைச்சிகினேன்."

"ஜாய்ஸுகிட்ட இன்னாத்துக்குச் சொன்ன? அவளுக்குப் பாத்தவொடனே தெரியும். அவகிட்ட என் பேரு கெடல. கெட்டது எங்கயோ அங்க சொல்லு."

கூவத்தூர் வரப்போகும்போது தமிழ்ச்செல்வி கேட்டாள்: "ஜாய்ஸுகிட்ட போயிடுவியா?"

"போவணும்னுதான் இருந்தேன். இப்ப எப்பிடிப் போவ முடியும்? சாமான ஒடைச்சிட்டு ஓடிட்டான்னு இல்ல சொல்வாங்க. எங்கம்மா அந்த பஜார்லதான் காய் வாங்குது." ஜெபா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உண்மையைச் சொன்னால் ஜெபா போய்விடலாம். சொல்லாவிட்டால் இங்கேயே கிடப்பாள். கூவத்தூரில் இருந்து செய்யூர் வரும்வரை இந்தக் கணக்கைத் தமிழ்ச்செல்வி போடாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜாய்ஸின் கண்ணாடிக் கதவும், 'வாடி எருமை'யும், காலியாக இருக்கும் அந்த மேசையும் கண்முன் வந்தபடியே இருந்தன. இத்தனை நாள் ஜெபா தொலைந்தால் தேவலை என்று இருந்தவளுக்கு, இன்னொருத்தி கொண்டுபோய்விடுவாள் என்பது பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜெபா போர்டைப் பொருத்தினாள். டெஸ்க்டாப் முன்னைவிட வேகமாகவே எழுந்தது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர். நரசிம்மன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் திவ்யாவின் கல்லூரி விண்ணப்பத்துக்காக அம்சா வந்தாள். கீழ்த்தெருக்காரி, போன வாரம் வரை ஜெபாவைத் தவிர யாரிடமும் காகிதம் கொடுக்காதவள். இரண்டாவது மேசையைப் பார்த்தும் பார்க்காதவள் போல் தமிழ்ச்செல்வியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீயே போடும்மா. பொண்ணு வாழ்க்கை. அந்தப் பொண்ணு கை இப்ப சரியில்லையாமே, ரைட்டரு சொன்னாரு."

சொன்னது ஜெபாவுக்கும் கேட்டது. அவள் விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், தொடர்ந்து துடைத்தாள்.

"அந்தப் போர்ட வளைச்சது ஜெபா இல்ல. நான்தான்" என்றாள் தமிழ்ச்செல்வி.

நரசிம்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களாய்யா? துரை பொண்ணு அப்பன மாதிரியேதான். வேலைக்காரங்க தப்பயும் தன் தலைமேல போட்டுக்கும். இன்னாத்துக்குப் பாப்பா? வுடு."

பெஞ்சில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். சொல்லியாகிவிட்டது, இதோடு விட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உண்மையும் சொன்னதாகும், நல்ல பேரும் கிடைக்கும், ஜெபாவும் இங்கேயே இருப்பாள். ஜெபாவின் கை துணியோடு நின்றிருந்தது.

"தலைமேல போட்டுக்கல மாமா. கேளுங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "அவ சரியாத்தான் எழுதிக் குடுத்தா. சீட்டு என் பையிலதான் இருந்துச்சி, கடைக்காரர்கிட்ட நான் காட்டல. அவளவிட நல்லதா வாங்கியாரணும்னு வேற வாங்கினேன். வெள்ளிக்கெழம அவ வர்றதுக்கு முன்னாடி நானே போட்டுக் காட்டணும்னு அமுக்கினேன், வளைஞ்சிடுச்சி. திரும்பப் பொட்டில வெச்சி ஒட்டி, அவ கையில குடுத்தேன். நீங்க அவளப் பேசினப்ப பாத்துகினு இருந்தேன்."

"ஏம்மா?" என்று கேட்டவள் அம்சா. குற்றம் சாட்டும் குரல் இல்லை; நிஜமாகவே புரியாத குரல்.

"பொறாமை. வேற இன்னா? நீங்கள்லாம் என்னைத் தாண்டிக்கினு அவகிட்டயே போறீங்க இல்ல."

நரசிம்மன் மடியில் இருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். அவை ஒழுங்காகத்தான் இருந்தன. "மம்மட்டி புடிச்ச கைன்னு சொன்னீங்களே மாமா, அதயும் நீங்கதான் திரும்ப வாங்கிக்கணும்" என்றாள் தமிழ்ச்செல்வி. அவர் டீ குடித்துவிட்டு வருவதாக எழுந்து போனார். திரும்பி வருவாரா, சார்பதிவாளர் ஆபீஸ் வேலையை வேறு கடைக்குக் கொண்டுபோய்விடுவாரா என்பது அவர் நடையில் தெரியவில்லை.

அம்சா தன் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினாள். அவளுக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "தப்பா எடுத்துக்காதம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து இரண்டாவது மேசைக்குப் போனாள். அவள் பின்னாலேயே பெஞ்சில் இருந்தவர்களும் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜெபா அம்சாவின் காகிதங்களை வாங்கிப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். "இன்னா இது, ஆதார்ல திவ்யாவுக்கு ரெண்டு முன்னெழுத்து, மார்க் ஷீட்ல ஒண்ணுதான் கீது" என்றாள். நன்றியோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. தமிழ்ச்செல்வியின் பக்கம் அவள் திரும்பவும் இல்லை.

சிறிது நேரம் கழித்து, திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "செல்வி, இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கேன். அட்மிஷன் கூட்டம் முடியட்டும்."

பத்துப் பேர் நடுவில்தான் சொன்னாள். "சரி" என்றாள் தமிழ்ச்செல்வி.

காலியாகிவிட்ட நாற்காலிக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்தில் அந்தப் பெண் ஜெபாவுக்காக விளக்கை நகர்த்திக்கொண்டு நிற்பாள். ஜெபா அவளிடம் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். இதை நினைக்கக் கூடாது என்று லேப்டாப்பைத் திறந்தாள். சுவரோரத்தில், அடுத்து எங்கே போகிறாள் என்று ஜெபா சொன்னதைக் கேட்ட அம்சா, "மாமல்லபுரமா? பஸ்ஸுக்கு எவ்வளோ ஆவும்? நாங்க அங்கயே வந்துடறோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.